‘பிரெஞ்சு ஒயின் திராட்சை’ கன்று வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பிரான்ஸ் நாட்டுப் பழங்களையும் ஒயின் திராட்சை ரகங்களையும் பற்றி வந்த கட்டுரையில் பெரும்பகுதி சரிதான். கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. செட்டிநாட்டுச் செம்மண்ணும் தென் பிரான்ஸின் கல்லாங்காட்டு மண்ணும் ஒரே குணம், ஆகவே கேபர்னே சாவிஞான் என்ற கறுப்பு ஒயின் திராட்சையும் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையும் இங்கே வளரும் என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மினி லாரியில் கன்று கொண்டுவருபவர்கள் ஏற்கெனவே ‘பிரெஞ்சு ஒயின் திராட்சை’ என்று அட்டை கட்டி விற்கிறார்கள். இந்தப் பத்தியைக் காட்டி இனி விலையையும் ஏற்றுவார்கள்.

ரோன் பள்ளத்தாக்கில் ஷாதோநெஃப் து பாப் ஊர்த் தோட்டங்களில் கூழாங்கற்கள் தரை முழுக்கக் கிடக்கும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தரும். இரவு குளிர்கிற ஊருக்கு அது வரம். நம் செம்புறாங்கல் பூமியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே அது கேடு. திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு வகிக்கும் மாலிக் அமிலம் வெக்கையில் பழத்துக்குள்ளேயே கரைந்து தீர்ந்துவிடும். இரவும் தணியாவிட்டால் கறுப்பு ரகங்களின் தோலில் நிறம் ஏறாது. சர்க்கரை மட்டும் கூடி, புளிப்பும் நிறமும் இல்லாத பழம் நிற்கும். அது ஒயினுக்கும் ஆகாது, தின்னவும் ஆகாது. கேபர்னே பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தோல் தடிப்பு, விதை துவர்ப்பு.

நாசிக்கில் செனின் பிளாங், சாவிஞான் பிளாங், ஷிராஸ் எல்லாம் வருகிறதே என்று கேட்பார்கள். நாசிக் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), செப்டம்பர், அக்டோபரில் மறு கவாத்து என்று செய்து, மழையில்லாத, இரவு குளிரும் ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களில் பழுக்கவைக்கிறார்கள். அதே அக்டோபரில் இங்கே வெட்டினால் வடகிழக்குப் பருவமழை இளந்தளிர் மேல் கொட்டும். அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் பூங்கொத்தோடு சேர்த்துக் கருக்கிவிடும். மழைக்குத் தப்பித் தையில் வெட்டினால் பழம் சித்திரை வெயிலில் பழுக்க வேண்டும். இரண்டும் சரிப்படாது. பினோ நுவாரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பிரான்ஸின் புர்கோஞ் வட்டாரக் குளிரில் பழகிய மெல்லிய தோல் ரகம், அந்நாட்டிலேயே போர்டோ வட்டார ஒயின் விதிகளில் அதற்கு இடம் கிடையாது.

கட்டுரையில் வேறு இரண்டு திருத்தங்களும் தேவை. கேபர்னே சாவிஞான் ரோமானியர் கால ரகம் அன்று. கேபர்னே ஃபிராங்கும் சாவிஞான் பிளாங்கும் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்தது என்பது 1997இல் வெளியான மரபணு ஆய்வில் உறுதியானது. மஸ்கடே ஒயினும் மஸ்கட் திராட்சையில் செய்வதில்லை. லுவார் ஆற்றின் கடைமடைப் பகுதியில் விளையும் மெலோன் த புர்கோஞ் என்ற வேறொரு வெள்ளைத் திராட்சையில் செய்வது.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் இலையையாவது பார்த்து வாங்கட்டும். முதிர்ந்த கேபர்னே சாவிஞான் இலை ஐந்து மடலாக ஆழமாகப் பிளந்திருக்கும். மடல்களின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இலையில் ஓட்டை குத்தியதுபோல் இடைவெளி தெரியும். அது இல்லாமல் விற்றால் அட்டை பொய். ஷார்டனே இலையில் காம்பு சேரும் பள்ளத்தின் ஓரத்தில் நரம்பு மட்டும் வெறுமையாக ஓடும். அடுத்து ஒட்டு இருக்கிறதா என்று தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டிக் கட்டித்தான் மீண்டார்கள். இந்தியாவில் உப்புத் தண்ணீருக்கும் வறட்சிக்கும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்க்கொடியில் ஒட்டுகிறார்கள். நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். புதைந்தால் மேல்கொடி சொந்த வேர் விட்டு, ஒட்டிய பயனே போய்விடும். முடிச்சுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளாமல் விட்டால் வேர்க்கொடி மேலேறி, ஒட்டிய ரகம் நலிந்து சாகும். ‘கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, காய்தான் இல்லை’ என்று சொல்பவர் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தியை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் தெற்கே வாந்து மலைச் சரிவில் விளைவித்து, 1997 முதல் நம் புவிசார் குறியீடு போன்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்போடு விற்கும் சாப்பாட்டுத் திராட்சைக்கு மஸ்கட் து வாந்து என்று பெயர். ரகம், மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்துக் கண்ணாடிக் குடில்களில் 19ஆம் நூற்றாண்டில் பேர்வாங்கிய ரகம் அது. அதே ரகம்தான் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, பிரான்ஸில் மரப்பெட்டியில் அடுக்கி விற்பதைக் காரைக்குடிச் சந்தையில் கூறுகட்டி விற்கிறோம். செட்டிநாட்டு வீட்டுப் பின்கட்டில் வைக்கத் தகுந்த திராட்சையும் அதுதான். ஆனால் இங்கே இரவும் வெக்கை என்பதால் கம்பத்து நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. செம்புறாங்கல் தட்டுப்பட்டால் உடைத்தே ஆக வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஆடிக்குள் வேர்விட்ட குச்சியை நட்டு, ஒற்றைத் தண்டாக ஏழடிப் பந்தலுக்கு ஏற்றி, அங்கே நுனி கிள்ளிப் படரவிட வேண்டும். கொடி தேறிய பிறகு கவாத்து மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்ததும். பழுப்பு நிறம் ஏறிய, பென்சில் தடிமனுள்ள முதிர்ந்த குச்சியில் நாலு கண் (மொட்டு) விட்டு வெட்டுங்கள். பச்சைக் குச்சியில் வெட்டினால் இலைதான் வரும். கொத்தில் பட்டாணியும் கடுகுமாகப் பழம் கலந்து நிற்பதை நோய் என்று எண்ணிப் பலர் மருந்தடிக்கிறார்கள். அது போரான், துத்தநாகக் குறையாலோ, பூக்கும்போது அடித்த வெக்கையாலோ சரியாகக் காய் பிடிக்காதது. லிட்டருக்குப் போரிக் அமிலம் 1 கிராம், துத்தநாக சல்பேட் 2 கிராம், யூரியா 10 கிராம் கலந்து, பூப்பதற்கு முன் ஒருமுறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் தெளித்தால் சத்துக்குறை தீரும். பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது தண்ணீரை நிறுத்துங்கள், இல்லையேல் பழம் வெடிக்கும். கொத்தின் நுனிப் பழத்தைத் தின்று பார்த்து வெட்டுங்கள். அதுதான் கடைசியில் பழுக்கும். வெட்டிய திராட்சை வீட்டில் வைத்தால் மேற்கொண்டு பழுக்காது.

அடிச்சாம்பலுக்கு மருந்தும் பிரான்ஸ் தந்ததே. வழிப்போக்கர் பறித்துத் தின்னாமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததைக் கவனித்து, 1885இல் போர்டோ பேராசிரியர் மில்லார்தே வெளியிட்டதுதான் போர்டோ கலவை. நூற்றுக்கு ஒன்று என்ற பங்கில் செய்ய, 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, வேறொரு 5 லிட்டரில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரிந்து தெளிப்பான் மூக்கை அடைக்கும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை; இரும்பு கூடாது. துரு நீக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இலை பொசுங்கும். கடையில் வாங்கும் காற்றுப்பட்டு நீர்த்துப்போன சுண்ணாம்பில்தான் இந்தத் தொல்லை வரும். சுண்ணாம்பின் தரம் பார்க்கச் செட்டிநாட்டுக் கொத்தனாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவரிடமே கேட்டு வாங்கலாம். கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள். பூக்கும் சமயத்தில் தெளிக்காதீர்கள்.

மற்றப் பழங்களில் லொரேன் வட்டார மிராபெல் என்ற மஞ்சள் பிளம், அஜான் வட்டார பிளம் இரண்டையும் மறந்துவிடலாம். 7 டிகிரிக்குக் கீழ் பல நூறு மணி நேரம் குளிர் பட்டால்தான் அந்த மரங்களின் மொட்டு விழிக்கும். அஜான் பிளம் உலர்பழமாகக் கிடைக்கிறது. மூன்று கிலோவுக்குக் குறையாமல் பழம் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும், விலைக்குக் காரணம் அதுதான். துலோன் அருகே சொலியெஸ் ஊரின் கறுப்பு அத்தி போன்ற ரகங்கள் குளவி வந்து மகரந்தம் சேர்க்காமலே காய்ப்பவை. அந்தக் குணமுள்ள சீமை அத்தி நம் ஊர் வெயிலுக்கும் சற்று உப்பான கிணற்றுத் தண்ணீருக்கும் தாங்கும். மழைக்குப் பின் இலைத் துருவும், மணற்பாங்கான இடத்தில் வேர்முடிச்சு நூற்புழுவும்தான் அதன் எதிரிகள்.

உடனே பலன் வேண்டுபவருக்கு ஷராந்தே என்ற பிரெஞ்சு முலாம்பழம். தை பிறந்ததும் விதைத்தால் பங்குனி, சித்திரையில் பழம். மூன்று மாதத்துக்குள் வேலை முடியும். பழ ஈக்கு மாமரத்துக்குத் தொங்கவிடும் மெத்தில் யூஜினால் பொறியைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்; முலாம் ஈ அதற்கு வராது, கியூலூர் பொறி என்று கேளுங்கள். இந்த ரகம் கிர்ணிப்பழம்போல் பழுத்ததும் காம்பைவிட்டுத் தானாகக் கழன்று வராது. காம்படியில் மெல்லிய கீறல் விழுந்து, பக்கத்து இலை வெளுத்ததும் கத்தியால் அறுக்க வேண்டும். கழலட்டும் என்று காத்திருந்தால் கொடியிலேயே வெடித்து நாறும்.

மார்கழிக் கவாத்துக்கு முன், கன்று வியாபாரம் சூடு பிடிப்பதற்குள், கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.