எம்.பிளான் மாணவர்களை ஒரு பருவம் பேரூராட்சிக்கு அனுப்புங்கள்

நகர் மற்றும் வட்டாரத் திட்டமிடலில் முதுகலைப் பாடத்திட்டம் வகுக்கும் தமிழகப் பேராசிரியர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நானும் எம்.பிளான் என்ற அந்த முதுகலைப் படிப்பைப் படித்தவன்தான். ஆலோசனை நிறுவனங்களுக்காகச் சிறு நகரங்களின் திட்ட அறிக்கைகளை எழுதுவது என் பிழைப்பு. அவ்வப்போது மாணவர்கள் திட்டம் வரைந்து பழகும் ஸ்டுடியோ வகுப்பின் மதிப்பீட்டுக்கு வெளித் தேர்வாளராக அழைக்கிறீர்கள். வருகிறேன், நல்ல காபி கொடுக்கிறீர்கள், மதிப்பெண் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன். அந்த அறையில் பேச நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். நான்கு பருவங்களில் ஒன்றை மாணவர்கள் முழுவதுமாக ஒரு பேரூராட்சியில் தங்கிக் கழிக்க வேண்டும். அந்தப் பருவத்தின் வாய்மொழித் தேர்வு அந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில், தமிழில் நடக்க வேண்டும்.

ஒரு மதிப்பீட்டில் தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மஞ்சளில் குடியிருப்பு, நீலத்தில் வணிகம், ஊதாவில் தொழில், சிவப்பில் பொதுக் கட்டடங்கள். நேர்த்தியான வேலை. ஊருக்கு மேற்கே மட்டும் ஒரு பெரிய திட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. குறிப்பில் ‘காலி நிலம்’ என்று போட்டு, எதிர்கால விரிவாக்கத்துக்கு உகந்த இடம் என்று அறிக்கையில் பரிந்துரையும் செய்திருந்தார்கள். அது கண்மாய். செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது. மாணவர்கள் களத்துக்குப் போனதும் கோடையில். கரை கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். மண் சாலை என்று நினைத்தோம் என்றார்கள். மடை எங்கே, உபரி நீர் வழியும் கலுங்கு எங்கே, வரத்துக்கால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டு எது வரை போகிறது என்றெல்லாம் அவர்களிடம் யாரும் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் அந்தப் புல எண்ணுக்கு எதிரே ‘கண்மாய்ப் புறம்போக்கு’ என்று எழுதியிருப்பது தெரிந்திருக்கும்.

மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. கண்மாயைக் காலி இடமாகப் பார்ப்பது அவர்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் எழும்பி நிற்கிறது. ஆனால் அந்த வித்தையை முதுகலைப் பட்டத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

முதல் பருவத்திலேயே ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸைப் பாடமாக வைத்திருக்கிறீர்கள். நகரக் கண்காட்சிக்காக அவர் சேகரித்திருந்த வரைபடங்களையும் படங்களையும் ஏற்றிவந்த கப்பலை, நம் பாட்டிமார் வாயில் வசவாகவே மாறிப்போன அந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1914 அக்டோபரில் மூழ்கடித்தது. மனிதர் அசரவில்லை. வேறு பொருட்களைத் திரட்டிச் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மதுரையையும் தஞ்சாவூரையும் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைத் தீர்க்க நேர்கோட்டுச் சாலைகளை வெட்டும் யோசனை இருந்தது. வீடுகளைக் கூட்டமாக இடிக்க வேண்டாம், பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளைத் திறந்துவிட்டால் போதும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ‘திட்டத்துக்கு முன் கள ஆய்வு’ என்ற அவருடைய கொள்கையைப் பத்து மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டு, கள ஆய்வுக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறோம். அந்த ஒரு வாரத்தில் லாட்ஜ் தேடவே ஒரு நாள் போய்விடுகிறது.

சிறு நகரம் எதற்கு, மாநகரமே போதாதா என்று கேட்பீர்கள். தமிழகத்தில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) கிடையாது. மாநில நகரமைப்புத் துறைகளில் திட்டமிடுநர் பணியிடங்களில் 42 சதவீதம் காலி என்றும் அதே அறிக்கை சொல்கிறது. திட்டம் உள்ள ஊரிலும் அதை யார் புதுப்பிக்கிறார்கள்? 1994-இல் ஒப்புதல் பெற்ற கோவையின் முழுமைத் திட்டம் முப்பது ஆண்டுகள் ஓடியது. மாநகரத்தை மட்டும் படிப்போம் என்றாலும் கிராமம் விடாது. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். அரக்கோணத்து ஏரியும் இன்று பெருநகரத்துக்குள்தான் இருக்கிறது.

உண்மையில் நம் ஊர்களை வரைந்தவர்கள் மனை வியாபாரிகள். வயலை வாங்கி, கல் நட்டு, கொடி கட்டி, மனை மனையாக விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோதுதான், எத்தனை குடும்பங்கள் அப்படிப்பட்ட இடத்தில் பணத்தைப் போட்டிருக்கின்றன என்பது ஊருக்குத் தெரிந்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தினார்கள். இந்தக் கதை முழுவதும் நகரமைப்புதான். ஆனால் நான் பார்த்த ஆய்வேடுகளில் இதைத் தொட்டவை மிகக் குறைவு. ஒரே ஒரு மனைப்பிரிவை எடுத்துக்கொள்ளட்டும். தாய்ப் புல எண் எது, எத்தனை உட்பிரிவாக உடைந்தது, பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய இடம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, பக்கத்து வாய்க்கால் எந்த மனையின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது? இதை ஒரு மாணவி தேடிக் கண்டுபிடித்துவிட்டால், முழுமைத் திட்டம் ஏன் காகிதத்தோடு நின்றுபோகிறது என்பது அவளுக்கு விரிவுரை இல்லாமலே விளங்கிவிடும்.

பட்டத்தின் பெயரில் ‘வட்டாரம்’ வேறு இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே வட்டாரத் திட்டத்துக்கு இடம் உண்டு. வகுப்பிலோ அது பெரும்பாலும் மாவட்டப் புள்ளிவிவர அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையோரமாகவே மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. மேலே இருந்த நகரத்துக்குப் பனியனில் வருமானம். கீழே இருந்த ஆயக்கட்டுக்காரருக்கு உப்பேறிய கிணறு. நகரின் திட்ட எல்லை முடிகிற இடத்தில் திட்டமிடுநரின் பொறுப்பும் முடிந்துவிட்டது, தண்ணீர் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிடும்வரை போனது. நீதிபதிகள் தலையில் வந்து விழுந்த அந்த வேலை நம்முடையது.

வாய்மொழித் தேர்வைத் தமிழில் வைத்தால் தரம் குறையும், வெளி மாநில மாணவர்கள் என்ன செய்வார்கள் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். வெளி மாநிலத்தவர் குழுவாகப் பேசட்டும். சக மாணவர் எடுத்துச் சொல்லட்டும். தரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ‘போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி’ என்று ஆங்கிலத்தில் அறுபது ஸ்லைடு காட்டிவிடலாம். பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் காலையில் பூ விற்க வரும் அம்மாவுக்கு ஆட்டோ கூலி யார் கொடுப்பார்கள் என்று அந்த அம்மாவே எழுந்து கேட்டால் பதில் சொல்வதுதான் கடினம். பிற்காலத்தில் வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபணை கேட்கும் கூட்டங்களில் இவர்கள்தான் மேடையில் உட்காரப்போகிறார்கள். நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணையாவது ஊர்க்காரர்கள் போடட்டும், எண்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் மூன்றாவதாக இருப்பது நல்லது. ஜூலையில் போய் இறங்கினால் ஐப்பசி மழைக்கு அங்கே இருப்பார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்பதைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம். செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகலை நுழைவுத் தேர்வான கேட் (GATE) தேர்வில் தேறியவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, தேறாதவருக்கு அதுவும் கிடையாது. ஆகவே தங்குமிடத்தைப் பல்கலைக்கழகமும் நகர் ஊரமைப்புத் துறையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நில ஆவணங்களைக் கற்றுத்தரத் துறையில் ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓய்வுபெற்ற நில அளவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் வட்டத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். முனைவர் பட்டம் இல்லாதவரை வருகைதரு ஆசிரியராக நியமிக்க விதியில் இடமில்லை என்றால், வரும் கல்விக் குழுக் கூட்டத்தில் அந்த விதியையே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று முடிவானதும் தெரிவியுங்கள். அந்த வட்டத்தில் எனக்குத் தெரிந்த நில அளவர்களிடம் நானே பேசி அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெளித் தேர்வாளர்களில் ஒருவன்