தட்டில் பாதி உனக்கு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பவளத் துண்டு வளர்க்கிற தட்டு முடியட்டும், முடிந்த கையோடு எழுதலாம் என்று இருந்தேன், நேற்றுதான் முடிந்தது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார். சின்னவள் பத்தாவது எழுதப் போகிறாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் என் கடல் பவளத் தொட்டி போனது உனக்குத் தெரியும். பேட்டரி ஏர் பம்ப் முதல் நாள் ராத்திரியே நின்றுவிட்டது. வருடக்கணக்காக வளர்த்த சோவாந்திட் (பூ மாதிரி விரியுமே, அந்தச் சின்னப் பவளம்) கூட்டம், அந்தப் பச்சை லெதர் பவளம், எல்லாம் கரைந்து தண்ணீர் பால் மாதிரி ஆகி நாறியது. ஒரே ஒரு துண்டையாவது வேறு யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தால் திரும்ப வாங்கியிருக்கலாமே என்று அன்றைக்கு மனது அடித்துக்கொண்டது. உன் தாத்தா விதைநெல்லை ஒரே வீட்டில் வைக்க மாட்டார், பாதி எங்கள் வீட்டுப் பத்தாயத்தில்தான் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா?

இந்தத் தட்டு அதற்குத்தான். நாற்றங்கால் என்றே வைத்துக்கொள். தாய்ப் பவளத்திலிருந்து வெட்டிய துண்டை தட்டின் துளையில் உட்காருகிற ஒரு சின்னக் கட்டையில், அதாவது ப்ளக்கில் ஒட்டி, அது வேர் பிடிக்கிற வரைக்கும் இங்கே நிற்க வைப்பது.

முதலில் டியூப்லைட் பெட்டியை மூடுகிற கட்டம் போட்ட பிளாஸ்டிக்கை வெட்டி, பிவிசி பைப்பில் கால் வைத்தேன். செலவு குறைவு, ஆனால் கட்டத்துக்குக் கட்டம் பாசி ஏறி, நத்தையால் உள்ளே போய் மேயவும் முடியவில்லை. அப்புறம் அக்ரிலிக்கில் ஒன்று செய்து காந்தத்தால் கண்ணாடியில் மாட்டினேன், அதில்தான் பெரிய தப்பு. காந்தத்துக்கு நெயில் பாலிஷ் மட்டும் பூசியிருந்தேன். நியோடிமியம் காந்தத்தில் பெரும்பகுதி இரும்பு, மேலே மெல்லிய நிக்கல் பூச்சு, அதற்கு நடுவில் பெரும்பாலும் செம்பும் இருக்கும். உப்புத் தண்ணீர் புக ஒரு கீறல் போதும். இரண்டே மாதத்தில் கண்ணாடியில் துருக்கோடு இறங்கி, நத்தை ஒவ்வொன்றாகச் செத்தது. செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம் என்பதைப் படித்துத் தெரிந்திருந்தும் அசட்டையாக இருந்துவிட்டேன்.

இப்போது செய்ததைச் சொல்கிறேன், அப்படியே செய். 6 மில்லிமீட்டர் அக்ரிலிக், 30 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம். 12 மில்லிமீட்டர் துளை, இரண்டு வரிசையில் ஏழு ஏழாக, ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4 சென்டிமீட்டர், இல்லாவிட்டால் வளர வளர ஒன்றையொன்று கொட்டும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காமல், அடியில் மரப்பலகை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டு. வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும், அழுத்தினால் துளை வெளியே வருகிற இடத்தில் விரிசல் விடும். எனக்கு ஒரு ஷீட் அப்படித்தான் வீணானது. திருச்சியில் நேம் போர்டு போடும் கடையில் லேசர் இருந்தால் அங்கேயே கொடுத்துவிடு, அரை மணி வேலை.

காந்தத்தை இந்த முறை இரண்டு குழாயில் வரும் எபாக்சியில் முழுக்கப் புதைத்து இரண்டு நாள் காயவிட்டேன். அப்புறம் வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து இரண்டு வாரம் ஊறப்போட்டேன். துரு எட்டிப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகுதான் தொட்டிக்குள் போனது. இந்த ஊறப்போடும் வேலையை மட்டும் தயவுசெய்து விடாதே.

துண்டுகளை சூப்பர் க்ளூ ஜெல்லில் ஒட்டுகிறேன். லெதர் வழவழவென்று நழுவும், அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது மேல். மஷ்ரூம் பவளத்தை உடைந்த கல் போட்ட சின்ன டப்பாவில் விட்டால் தானே பிடித்துக்கொள்ளும். சோவாந்திட்டை வெட்டும்போது கைக்கு உறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது இருக்கிற கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியே ஆளைப் படுக்க வைக்கும்.

உன் மைத்துனர் தூத்துக்குடியிலிருந்து கல் பவளம் எடுத்துத் தருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்டா. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி எவ்வளவு வெளுத்துப் போனது, மிச்சம் இருப்பதிலும் நாம் கை வைக்கக் கூடாது.

தட்டின் ஒரு வரிசை ஏழும் உனக்கு. ஐந்து ஒட்டியாகிவிட்டது, இரண்டு இன்னும் சுருங்கியே இருக்கின்றன. உன் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று, உப்புத் தண்ணீரின் அடர்த்தி எண் 1.025-ல் நிலைத்ததும் எழுது. தெர்மோகோல் பெட்டியில் வைத்து நானே ரயிலில் கொண்டு வருகிறேன், பகல் வண்டியில் வந்தால் சாயங்காலத்துக்குள் இறக்கிவிடலாம். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பெரம்பூர்க்காரன்