டியூபில் இருப்பவருக்கு பிரேக் கிடையாது

லின்ட்ஸே, ஒன்டாரியோ
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நான்கு பேரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி வீட்டில் எல்லாரும் நலமா? ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டது என்று தம்பி சொன்னான். காப்பிக்காய்க்கு நல்லதுதான். மழை நேரத்தில் அம்மாவைத் தோட்டத்துப் பக்கம் தனியாக அனுப்பாதீர்கள், அட்டை ஏறும்.

படகுக்குப் பின்னால் காற்றடைத்த டியூபில் பேரப்பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போகிற வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லையாம். நீங்களும் போனில் "இதெல்லாம் தேவையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். டொரான்டோவிலிருந்து வடகிழக்கே வந்தால் ஏரிக்கு மேல் ஏரியாக ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கும். கவார்த்தா ஏரிகள் என்பார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஸ்டர்ஜன் ஏரி. நம் ஏற்காடு ஏரியைச் சுற்றி நடந்தே வந்துவிடலாம், இதைச் சுற்றிவரக் காரில் போனாலும் நேரமாகும். குளிர்காலத்தில் முழுவதும் உறைந்து கெட்டியாகிவிடும். மே மாதம் கரையில் வெயில் அடித்தாலும் தண்ணீர் உயிரை வாங்கும் குளிராக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் பிள்ளைகளை இறக்க முடியும். அதனால் அந்த இரண்டு மாதமும் இங்கே வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை. தெருவில் பாதி வீட்டு வாசலில் படகு நிற்கும். உங்கள் மாப்பிள்ளையும் பழைய அலுமினியப் படகு ஒன்று வாங்கினார். சின்னதுதான், பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டியது.

படகை யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட முடியாது அப்பா. மோட்டார் படகு ஓட்டப் பரீட்சை எழுதி ஓர் அட்டை வாங்க வேண்டும். அவரும் வாங்கியிருக்கிறார், நானும் வாங்கியிருக்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டியூபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் அதன் வேலை. எங்கே போவது, எவ்வளவு வேகம், எப்போது நிற்பது எல்லாமே படகில் இருக்கும் பெரியவர்கள் கையில். பிள்ளைக்கு அடிபட்டால் அதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் எத்தனை வருஷம் பஸ் ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். வளைவில் கொஞ்சம் வேகம் கூடினாலும் கடைசி சீட்டில் இருப்பவர்கள் எப்படி வெளிப்பக்கம் சாய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டியூபும் அப்படித்தான், ஆனால் அதற்குப் பிடித்து நிறுத்த பஸ்ஸின் சுவர் கிடையாது. கயிறு ஐம்பது, அறுபது அடி நீளம். படகு திரும்பும்போது டியூப் அதைவிடப் பெரிய வட்டம் அடித்து வெளியே வீசப்படும். அதே நேரத்தில் அதிக தூரம் போக வேண்டும் என்பதால் டியூபின் வேகம் படகின் வேகத்தைவிடக் கூடிவிடும். படகு ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் மீட்டர் 20 என்று காட்டும், பிள்ளை அதற்கு மேல் பறந்துகொண்டிருக்கும். அதனால் அவர் வளைவை அகலமாக எடுப்பார், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். டியூப் வீசப்படும் பக்கத்தில் கரையோ, பாறையோ, இன்னொரு படகோ இருந்தால் திரும்பவே மாட்டார்.

வேகத்தைப் பற்றி அம்மா கேட்டாளாம். டியூப் செய்பவர்களே பெரியவர்களுக்கு மணிக்கு 32 கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு 24 கிலோமீட்டர், இதற்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் அந்த 24 வரைகூடப் போவதில்லை. சின்னவன் ஏறினால் மிதிவண்டி வேகம்தான். வீடியோவில் அவ்வளவு வேகமாகத் தெரிவதற்குக் காரணம் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் இருந்து எடுத்ததும், சிதறுகிற நீரும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். முகத்தில் தண்ணீர் அடித்தாலே அவர்களுக்கு மலை ஏறின சந்தோஷம்.

படகில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். அவர் முன்னால் பார்த்து ஓட்டுவார். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து டியூபை மட்டும் பார்ப்பேன். இது எங்கள் வீட்டு ஏற்பாடு மட்டுமில்லை, இந்த நாட்டுச் சட்டம். இழுக்கப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் படகில் இருந்தே ஆக வேண்டும். டியூபில் இருப்பவர்களையும் சேர்த்து எல்லாருக்கும் படகில் உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கயிறு அறுந்தாலோ, யாருக்காவது பயம் வந்தாலோ ஏற்றிக்கொள்ள வேண்டுமே! அதனால் டியூபில் இரண்டு பேர் என்றால் படகில் இரண்டு இருக்கை காலியாகத்தான் இருக்கும். விருந்தாளி வந்தால் முறை வைத்துத்தான் போக முடியும்.

மோட்டார் சத்தத்தில் கத்தினால் கேட்காது. கை ஜாடைதான். கட்டைவிரல் மேலே என்றால் இன்னும் கொஞ்சம் வேகம், கீழே என்றால் மெதுவாக. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து. தலையில் தட்டிக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். தண்ணீரில் விழுந்துவிட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இந்த ஜாடைகளைக் கரையில் வைத்துப் பல தடவை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவோம். சின்னவன் கட்டைவிரலைக் கீழே காட்டினால் பெரியவள் மேலே காட்டினாலும் வேகம் குறையும். பயப்படுகிற பிள்ளை சொல்வதுதான் செல்லும்.

அம்மா ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். லைஃப் ஜாக்கெட் போடாமல் பிள்ளைகள் படகுத் துறைப் பலகையில்கூடக் கால் வைப்பதில்லை. அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். அது தாடையைத் தாண்டி மேலே வந்தால் பெரிய அளவு. "அடுத்த வருஷத்துக்கும் ஆகுமே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிற நம் பழக்கம் இதில் உதவாது. தண்ணீரில் விழுந்தால்தான் காற்று நிரம்பும் வகை ஜாக்கெட்டும் ஒன்று உண்டு. மெல்லியதாக, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டியூபில் போவதற்கு அது கூடாது, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கூடாது. நுரை வைத்துத் தைத்ததுதான் போட வேண்டும்.

பெரியவளுக்கு அம்மா அனுப்பிய வெள்ளிக் கொலுசை அவள் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். ஏரிக்குப் போகும் நாளில் மட்டும் நான் விடுவதில்லை. கொலுசு, மோதிரம், செயின், சின்னவனின் அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே. கயிறோ கைப்பிடியோ சிக்கினால் இழுப்பது ஒரு படகு, விரலும் காலும் தாங்காது. கைப்பிடிக்குள் கையை முழங்கை வரை நுழைத்துக்கொள்ளவும் கூடாது. விழ வேண்டிய நேரத்தில் கையை விட்டுவிட்டு விழத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

கயிற்றைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு நைலான் கயிறு இல்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. இரண்டு பேர் டியூபுக்கு 2,375 பவுண்டு தாங்கும் கயிறு, அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல். டியூப் அலையில் புதைந்து நின்றுவிட்டால் அவ்வளவு இழுவை விழும். கயிறு அறுந்தால் சாட்டை போலப் படகுக்குள்ளேதான் திரும்பி அடிக்கும். அதனால் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அந்தக் கயிறு குப்பைக்குத்தான். எங்கள் மாதிரிச் சின்னப் படகில் பின்பக்கத்து ஒரு மூலையில் கட்டினால் படகே ஒருபக்கம் இழுக்கும். இரண்டு மூலை வளையத்திலும் மாட்டி நடுவில் இழுக்கிற ஒரு பட்டை இருக்கிறது, அதில் மிதவையும் உண்டு. கயிறு தொய்ந்தால் மோட்டார் இறக்கையில் போய்ச் சுற்றாமல் மேலேயே நிற்கும். கிளம்பும்போதும் கயிறு இறுகும் வரை ஊர்ந்துதான் போவோம். தொய்ந்த கயிற்றோடு ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் வெடுக்கென்று இழுத்துப் பிள்ளையின் கழுத்து நோகும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிள்ளைகள் விழுவது அல்ல. விழுந்தால் ஜாக்கெட் மிதக்க வைக்கும். அவர்களைத் திரும்ப ஏற்றும் நேரம்தான் பயம், ஏனென்றால் அப்போதுதான் மோட்டாரின் இறக்கையும் பிள்ளையின் காலும் பக்கத்தில் வருகின்றன. விழுந்தவுடன் நான் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பேன், கண்ணை எடுக்க மாட்டேன். அவர் வேகத்தைக் குறைத்து அகலமாகச் சுற்றி, தான் உட்கார்ந்து ஓட்டும் பக்கத்திலேயே பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி மெதுவாக வருவார். பிள்ளை படகை நோக்கி நீந்தி வரக் கூடாது, இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும். பக்கத்தில் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிடுவார். நியூட்ரல் போதாது அப்பா. நியூட்ரலில் போட்ட வண்டி உருளுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கை பட்டு கியர் விழுந்தாலும் போதும், இறக்கை சுற்றிவிடும். சாவியைத் திருப்பி, சத்தம் நின்ற பிறகுதான் ஏணியை இறக்குவோம். அவர் மணிக்கட்டில் எப்போதும் ஒரு சிவப்பு வார் இருக்கும். அவர் தடுமாறி விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜினை அணைத்துவிடும். படகின் பின்விளிம்பில் யாரும் காலைத் தொங்கப் போட்டு உட்காரவும் விடுவதில்லை. அங்கேதான் இன்ஜின் புகை சேரும்.

எல்லாரும் இப்படி இருக்கிறார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். நீண்ட விடுமுறை வந்தால் சிலர் பிள்ளைகளைத் தூக்கி எறிவதற்கென்றே வளைத்து வளைத்து ஓட்டுகிறார்கள். போன மாதம் ஒரு படகு அப்படிச் சுற்றியதில் டியூபில் இருந்த இரண்டு பையன்களின் தலை ஒன்றோடு ஒன்று மோதியது. பெரிய காயம் இல்லை, ஆனாலும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. படகு கூட்டமாக இருந்தால் நாங்கள் அன்று டியூபை எடுப்பதில்லை. காலையில் அலை எழும்புவதற்கு முன் போய்விட்டு வந்துவிடுவோம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாங்கள் மாலை வெயில் சாயும்போதே கட்டிவிடுவோம்.

அப்பா, இப்போது தம்பி விஷயம். வீடியோவைப் பார்த்துவிட்டு அவனுக்கு ஒரே உற்சாகம். எடப்பாடி தாண்டி பூலாம்பட்டிக்குப் போய், நெரிஞ்சிப்பேட்டைக்கு ஆள் ஏற்றுகிற மோட்டார் படகு ஒன்றை வாடகைக்குப் பேசி, பின்னால் லாரி டியூபைக் கட்டிப் பிள்ளைகளை இழுக்கலாம் என்கிறான். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். லாரி டியூபில் பிடிக்கக் கைப்பிடி இல்லை, கயிறு கட்ட இடம் இல்லை. காற்றடிக்கும் வால்வுத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வயிற்றிலோ கண்ணிலோ குத்தும். அங்கே ஓடுவது காவிரி, நிற்கிற ஏரி இல்லை. மேட்டூரில் திறப்பதைக் கூட்டினால் நேற்று இருந்த நீர் இன்று இருக்காது. மீன் வலை கட்டியிருப்பார்கள், அக்கரைக்குப் போகிற படகுகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். படகுக்காரருக்கும் இப்படி இழுத்துப் பழக்கம் இருக்காது.

அவன் பிள்ளைகளுக்கு ஆசை இருப்பது நியாயம்தான். அதற்கு முதல் வேலை நீச்சல். சேலத்தில் நீச்சல் குளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் நீங்களே பக்கத்தில் நின்று பழக்குங்கள். அந்த லாரி டியூப் அதற்கு உதவும். எங்களுக்கும் நீங்கள் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வருஷம் நீங்களும் அம்மாவும் வருவதாக இருந்தால் ஜூலையில் வாருங்கள். விசாவுக்கு வேண்டிய பேப்பர்களை நான் அனுப்பி வைக்கிறேன். அம்மாவின் பாஸ்போர்ட் எந்த மாதத்தோடு முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்