காப்பெற் போட முதல் இதை வாசி

மச்சான்,

நீ ஸ்காபரோவில் வீடு வாங்கிய படம் வந்து மூன்று கிழமையாகிறது, நான் வாழ்த்து என்று ஒரு சொல் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். குறை நினைக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் அப்படியேதான், மகள் செப்ரெம்பரில் யூனிவர்சிற்றிக்குப் போகிறாள். மொன்றியலை விட்டு வரவே மாட்டேன் என்று இருபது வருசம் சத்தியம் பண்ணியவன் கடைசியில் எங்கள் பக்கம் வந்துவிட்டாய், கட்டையன் கேட்டதும் என்னை விடப் பெரிதாகச் சிரித்தான்.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். பேஸ்மன்றுக்கு, அதுதான் நிலத்துக்குக் கீழே உள்ள தட்டுக்கு, காப்பெற் போட்டு, சுவருக்குப் பலகை அடித்து, பாட்டுக்கு ஒரு அறை செய்யப் போகிறாயாம். உன் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உன் அயலவர்களின் பாடு. ஆனால் அந்த ஒரு மணித்தியாலப் பதிவில் சம்ப் பம்ப், பேஸ்மன்றில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப், என்ற சொல் ஒரு தடவை கூட வரவில்லை மச்சான்.

2024 ஜூலை 16 என் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. டொன் வலி பார்க்வேயில் கார்கள் தண்ணீருக்குள் நின்றதை நீ செய்தியில் பார்த்திருப்பாய். பியர்சன் விமான நிலையத்தில் சில மணித்தியாலத்துக்குள் 97.8 மில்லிமீற்றர் மழை. எங்கள் பேஸ்மன்ற் மூலையில் உள்ள குழியில் நல்ல பம்ப் ஒன்று இருந்தது. அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கிற துளைக் குழாய், வீப்பிங் டைல் என்பார்கள், மண்ணில் ஊறுகிற தண்ணீரை அந்தக் குழிக்குள் கொண்டுவந்து விடும். தண்ணீர் ஏற மிதவை எழும், பம்ப் ஓடும், தண்ணீர் வளவுக்குப் போகும். அன்று காலை முழுக்க அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் மேலே கொம்பியூட்டரில் வேலை செய்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கரன்ற் போனது. எற்றோபிக்கோவில் உள்ள மான்பி மின்நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, நகரத்தில் 160,000க்கும் அதிகமான இணைப்புகள் ஒரேயடியாக அணைந்தன. சத்தம் நின்றது. குழிக்குள் வருகிற தண்ணீர் நிற்குமா?

நானும் மகளும் வாளியால் அள்ளினோம். இரண்டு வாளி படியேற்றி ஊற்றிவிட்டு வர முதல் மூன்று வாளி ஊறிவிடும். பிறகு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது, சாம்பல் நிறம், குளிரென்றால் அப்படிக் குளிர், கணுக்கால் வரை நின்றது.

ஐயாவின் றங்குப்பெட்டி கீழேதான் இருந்தது. ரியூசன் கொப்பிகள் எல்லாம் அதற்குள். மண்ணெண்ணெய் விளக்கில் எங்களுக்கு அல்ஜிப்ரா சொல்லித்தந்த காலத்தில் ஐயா கையால் எழுதிய கணக்குகள், ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்பைக் குறைத்துவிட்டு அம்மா தூக்கிக்கொண்டு வந்தவை. நீல மை மச்சான், தண்ணீர் பட்டதும் தாள் முழுக்க நீலமாகப் பரந்து, சமன்பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை, நடுவில் சமன் குறி மட்டும் தெரிகிறது. பென்சிலால் எழுதிய பக்கங்கள் தப்பிவிட்டன. அதில் ஒன்றில் உன் கையெழுத்து இருக்கிறது, ஐயா சிவப்பில் "அவசரம்" என்று எழுதியிருக்கிறார்.

2013 ஜூலை 8 அன்றும் இதேதான் நடந்தது. 126 மில்லிமீற்றர், அப்போதும் மான்பி நிலையம் நீரில் நின்றது, 300,000 இணைப்புகள் வரை இருட்டு. நான் அப்போது பதினோராம் மாடியில் வாடகைக்கு இருந்ததால் உறைக்கவில்லை. பம்ப் எப்போது கட்டாயம் வேண்டுமோ அப்போதுதான் கரன்ற் போகும், ஏனென்றால் இரண்டையும் செய்வது ஒரே மழை. அதனால்தான் இரண்டாவது பம்ப் போடு என்கிறேன், பற்றறியில் ஓடுவது.

நான் போட்டது 12 வோல்ட் பம்ப், 100 அம்பியர்-அவர் பற்றறி. முதலில் வந்த ஆள் கார் பற்றறி போதும் என்றார், நம்பாதே. அது காரை ஸ்ராட் பண்ணுவதற்கு ஒரு நொடி பலமாகக் கொடுக்கச் செய்தது, மணிக்கணக்காகக் கறந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். நீண்ட நேரம் கறந்தாலும் தாங்குகிற டீப் சைக்கிள் பற்றறி என்று கேட்டு வாங்கு. இரண்டாவது பம்பின் மிதவை முதலாவதை விட உயரத்தில் இருக்க வேண்டும், முதலாவது தோற்றால் மட்டும் அது எழும்ப. இரண்டு பைப்புக்கும் தனித்தனி செக் வால்வு, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போக விடுவது, இல்லாவிட்டால் ஒன்று தள்ளியதை மற்றது குழிக்குள் திருப்பி விடும். நான் போட்டது நிற்காமல் ஓடினால் ஆறேழு மணித்தியாலம் தாங்கும், விட்டு விட்டு ஓடினால் இன்னும் கூட. வெளியே போகிற வாயைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி வை, மாரியில் அது உறைந்துவிடாமலும் பார். குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடுகிற வகையும் இருக்கிறது, பற்றறி தேவையில்லை, ஆனால் அதை நகரசபை அனுமதிக்குமா என்று முதலில் கேள்.

இன்னொன்று. சாக்கடை திரும்பி வருவதைச் சம்ப் பம்ப் தடுக்காது, அதற்கு பக்வோட்டர் வால்வு, சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பினால் மூடிக்கொள்வது. அது மூடியிருக்கும்போது மேலே யாரும் குளித்தால், உடுப்புத் தோய்த்தால், உன் தண்ணீரே உன் பேஸ்மன்றில் ஏறும். இரண்டுக்கும் ரொறன்ரோ நகரசபை செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, வேலை தொடங்க முதல் நிபந்தனைகளை வாசித்துவிடு. இன்சூரன்சையும் எடுத்துப் பார். சாக்கடை திரும்புவதற்கு ஒன்று, வெளியே இருந்து வருகிற வெள்ளத்துக்கு ஒன்று, இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். என்னிடம் முதலாவது மட்டும் இருந்தது, எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தவில்லை, கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஓகஸ்ட் 17 இரவு மழை திரும்பக் கொட்டியபோது நான் கீழே போய்ப் பெரிய பம்பின் பிளக்கைக் கையால் கழற்றினேன். மனைவி படியில் நின்று ஏசினாள். ரோச் வெளிச்சத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முதல் மிதவை எழுந்து சும்மா ஆடியது, இன்னும் நாலு விரல், இரண்டாவது மிதவை மெல்லச் சரிந்து நிமிர்ந்தது, பெட்டியில் சிவப்பு விளக்கு, பீப் சத்தம், பிறகு பம்பின் உறுமல். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு நல்ல நித்திரை.

வருகிற சனிக்கிழமை காலை வருகிறேன், அளவு நாடாவும் கொப்பியும் கொண்டுவருவேன். குழி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, மேலே அடுக்கியிருக்கிற பெட்டிகளை எடுத்து வை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி இருக்கிற பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்போம். அதுவரை காப்பெற்காரனுக்கு முற்பணம் கொடுத்துவிடாதே.

உன்
மச்சான்