அதே நாற்காலியில் அதே மருத்துவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வெளிவரும் உயர்கல்வி வழிகாட்டித் தொடரில், சென்ற வாரம் மருத்துவ மேற்படிப்புகளைப் பற்றி எழுதியிருந்தவர் மனநல மருத்துவத்துக்கு ஒதுக்கியது நான்கே வரிகள். 'அறுவை சிகிச்சை இல்லை, இரவுப் பணி அதிகம் இல்லை, நிம்மதியான வாழ்க்கையை விரும்புவோருக்கு ஏற்ற துறை' என்பதே அவற்றின் சாரம். கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி, அதில் நெடுங்காலம் மனநலப் பிரிவிலிருந்து வரும் சீட்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில், அந்த வரிகளை மறுத்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கட்டுரையாளர் மனநல மருத்துவரையும் உளவியலாளரையும் ஒருவராகவே கருதியிருக்கிறார். மனநல மருத்துவர் என்பவர் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மூன்றாண்டு எம்.டி. படித்தவர், உளவியலாளர் மருத்துவப் படிப்பு படித்தவர் அல்லர், அவருடைய பயிற்சி வேறு. இருவரும் சேர்ந்து பணியாற்றினால்தான் நோயாளிக்கு நன்மை என்றாலும், மருந்துச் சீட்டு எழுதுபவர் முன்னவரே.

அந்த எம்.பி.பி.எஸ். படிப்பு வீணாவதாகப் பலர் நினைக்கிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்த பெண் சோர்ந்து, அழுது, எதிலும் பிடிப்பில்லாமல் வந்து உட்காரும்போது, அது மனச்சோர்வா சுரப்பியின் கோளாறா என்று ரத்தப் பரிசோதனை எழுதிப் பார்ப்பவர் மனநல மருத்துவர்தான். புதுச்சேரி எல்லையை ஒட்டிய எங்கள் பகுதியில் நான் அடிக்கடி கண்டது இன்னொன்று. கால் முறிந்து எலும்பு முறிவு வார்டில் சேர்க்கப்பட்ட மனிதர் முதல் இரண்டு நாள்கள் அமைதியாக இருப்பார்; மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூச்சலிட்டு, கட்டிய கட்டோடு எழுந்து ஓடப் பார்ப்பார். உறவினர்கள் பேய் பிடித்ததென்று வேப்பிலையைத் தேடுவார்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவருக்கு மது திடீரென நின்றதால் வரும், உயிருக்கே ஆபத்தான நிலை அது. அந்த நேரத்தில் அழைக்கப்படுபவர் 'இரவுப் பணி இல்லாத' மனநல மருத்துவர்.

இதைவிடக் கடினமானது மொழி. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நோயாளி தன் துன்பத்தைத் தமிழில், அதுவும் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் சொல்கிறார். 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வந்தவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். 'நெஞ்சு அடைக்குது', 'உடம்பெல்லாம் எரியுது', 'தலைக்குள்ள ஏதோ ஓடுது', 'யாரோ செய்வினை வச்சிட்டாங்க' என்பார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தேவனாம்பட்டினத்திலிருந்தும் சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்தும் வந்தவர்கள் என் சாளரத்தில் கேட்டது தலைவலி மாத்திரையைத்தான். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் மாதக்கணக்கில் அந்த மாத்திரையை வாங்கிப் போனார். பிறகு ஒரு மனநல மருத்துவர் அவரை அரை மணி நேரம் உட்கார வைத்து, தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், பையன் என்ன சாப்பிடப் பிடிக்கும் என்பான், எந்தப் பள்ளியில் படித்தான் என்று விசாரித்ததாக அந்த அம்மாவே பின்னர் என்னிடம் சொன்னார். அந்த அரை மணி நேரத்தைப் பதிவேட்டில் எழுத எந்தக் கட்டமும் கிடையாது.

மருந்துகளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அளவுமீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாற்றுக்குக் கொடுக்கும் லித்தியத்தில், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கத்திரி வெயிலில் நாள் முழுதும் வயலில் வேர்த்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, அதே மாத்திரையே ரத்தத்தில் கூடிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும். மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ரத்த வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தம் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளோ வேறு வகை: குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே நோயாளி பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார். அவர் நிறுத்துவார் என்பதை முன்கூட்டியே அறிந்து, எதற்காக நிறுத்தக்கூடாது என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லி அனுப்பும் மருத்துவரின் நோயாளிகள் மட்டுமே மறுபடியும் என் சாளரத்துக்கு வந்தார்கள்.

அப்படிச் சொல்வதற்கு நோயாளியை முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லவந்த செய்தி இதுவே. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, சர்க்கரை நோய்க்கு ரத்த எண் இருக்கிறது. யார் பார்த்தாலும் ஏறக்குறைய அதையேதான் படிப்பார்கள். மனநோய்க்கு அப்படி ஒரு படம் இல்லை. போன மாதம் இவர் எப்படி உட்கார்ந்தார், எப்படிப் பேசினார், மனைவி பேசும்போது முகத்தை எங்கே திருப்பினார் என்பதை நினைவில் வைத்திருப்பவரே இந்த மாத மாற்றத்தைக் காண முடியும். அந்த நினைவைத்தான் நம் இடமாறுதல் முறை அடிக்கடி அழித்துவிடுகிறது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) நான்காண்டுகள் ஒரே மனநல மருத்துவர் இருந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய், காதில் குரல்கள் கேட்கும் தன் மகனை மாதந்தோறும் தவறாமல் அழைத்து வருவார். பையன் ஊசிக்குக் கையை நீட்டும் அளவுக்கு அந்த மருத்துவரை நம்பினான். முந்திரித் தோப்பில் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தான். மருத்துவர் மாற்றலாகிப் போனபின் சில மாதங்கள் இடம் காலியாக இருந்தது. பிறகு வந்தவர் வாரம் ஒரு நாள் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்து, நூறு பேருக்குமேல் காத்திருக்கும் வரிசையில், முதல் கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அந்த வரிசையில் யாராலும் அவ்வளவுதான் முடியும். தாயும் மகனும் வருவதை நிறுத்தினார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பையனைக் கையைக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

கட்டு என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் இராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும், மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுப்பதையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் நல்லதே. ஆனால் அது கேட்கும் பதிவேடுகள், சேர்க்கைப் படிவங்கள், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பும் தகவல்கள், இவற்றோடு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம்கள், நீதிமன்றச் சாட்சியம் என அத்தனையும் அதே ஒரு மருத்துவரின் மேசையில்தான் வந்து குவிகின்றன.

தேவை எவ்வளவு என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: ஒரு லட்சம் பேருக்கு 43.2, நாட்டின் சராசரியோ 10.6. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் அதைப் பெறவில்லை என்று காட்டியது. கடலூர் மக்கள் பலர் இன்றும் விடியற்காலைப் பேருந்தில் கிளம்பிப் புதுச்சேரி சென்று, அங்கிருந்து இன்னொரு பேருந்து மாறிக் கோரிமேடு ஜிப்மரில் வரிசையில் நிற்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது அவற்றில் ஒன்று திருச்சிராப்பள்ளி. நமக்கு இது புதிய யோசனை அன்று. வாரம் ஒரு நாள் வந்து போகும் மருத்துவரை வைத்துக்கொண்டு அதை நடத்துவதுதான் சிக்கல்.

இத்தகைய துறையை 'நிம்மதியானது' என்று எழுதினால், நிம்மதியை நாடுவோர் வருவார்கள். வந்தபின் ஏமாந்து போவார்கள். மறுபக்கம், மெய்யாகவே விரும்பும் மாணவரை வீட்டார் தடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு முதுநிலைக் கலந்தாய்வில் இந்த இடம் கிடைத்தபோது, 'பைத்தியக்கார டாக்டர் என்றால் யார் பெண் கேட்டு வருவார்கள்' என்று அவருடைய மாமா கேட்டதை நான் திண்ணையில் இருந்து கேட்டேன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961-இல் ஏற்றுப் பல ஆண்டுகள் அதே இடத்தில் இருந்தார். ஓய்வுக்குப் பின்னும் விடாமல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பை 1984-இல் தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அந்த மாமாவுக்கு அன்று இதைச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோளும், அரசிடம் ஒன்றும் உண்டு. தொடரின் அடுத்த பகுதியில், இந்தத் துறையில் உள்ள ஒருவரையே தம் ஒரு நாளைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அதன் கீழ் 'டெலி மானஸ்' என்ற அரசு தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் இலவச உதவி எண் 14416-ஐயும் அச்சிட்டால் நல்லது. சுகாதாரத் துறை, மாவட்ட, வட்ட மருத்துவமனைகளின் மனநல மருத்துவர்களை, அவர்களே விரும்பிக் கேட்டாலன்றி, ஐந்தாண்டுகளுக்குள் மாற்றுவதில்லை என்று ஒரு விதி செய்ய வேண்டும். மாற்றும்போதும், புதியவர் வந்து முதல் ஒரு மாதமாவது பழையவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்த பின்னரே அவரை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.