ரோட்டில் வெட்டிய பள்ளங்களை மூடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
3வது குறுக்குத் தெருவில் வசிப்பவர் (பெயர், கதவு எண் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்

பொருள்: குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய நான்கு பள்ளங்களைத் தார் போட்டு மூட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 12.03.2025, 28.04.2025, 16.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 53. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் கடைக்கு இன்னும் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் ஆட்டோ வைக்க என் சம்பளம் தாங்காது. அதனால்தான் போன தீபாவளிக்குச் சீட்டுப் பணத்தை எடுத்து, மடக்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். நின்றபடி ஓட்டுவது, பதின்மூன்று கிலோ. ரயிலில் மடக்கிக் காலடியில் வைத்துக்கொள்வேன். நான்கு மாதம் நிம்மதியாகப் போய் வந்தேன்.

தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் தெரிவிப்பது:

1. ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், அரசமரத்து டீக்கடை, சர்ச் வளைவு ஆகிய நான்கு இடங்களில் பிப்ரவரி கடைசியில் ரோட்டைக் குறுக்கே வெட்டினார்கள். குழாய் பதித்து, ஜல்லியும் மண்ணும் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மண் இறங்கி இப்போது ஒரு சாண் பள்ளம்.

2. என் வண்டியின் சக்கரம் எட்டரை அங்குலம். அதுவும் ஒரு சாண்தான், ஐயா. பைக்காரர்கள் மெதுவாக இறக்கி ஏற்றிவிடுகிறார்கள். என் சக்கரம் உள்ளே இறங்கி அப்படியே நின்றுவிடும், நான் முன்னால் போய் விழுவேன். ஜூலை 3 அன்று இரவு ஏழே காலுக்கு ரேஷன் கடை முன்னால் அப்படித்தான் விழுந்தேன். மழைத் தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. மணிக்கட்டு பிசகிவிட்டது. டீ மாஸ்டர் ஓடி வந்து தூக்கினார்.

3. அன்றிலிருந்து பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி, வண்டியைத் தூக்கித் தாண்ட வைத்து, மறுபடி ஏறுகிறேன். போக நான்கு, வர நான்கு, நாளொன்றுக்கு எட்டு முறை. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைச் சுமக்க வாங்கிய வண்டியை நான் சுமக்கிறேன். மழை நாளில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பிச் சக்கரமே சுற்றாது. அங்கேயே குனிந்து குச்சியால் நோண்டி எடுப்பேன். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். குலுங்கிக் குலுங்கி, மடக்கும் இடத்துக் கொக்கி தளர்ந்து தண்டு ஆடுகிறது. ஓடும்போது அது கழன்றால் என்ன ஆவேன் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

4. "இந்தப் பொம்மை வண்டியை யார் ரோட்டில் ஓட்டச் சொன்னது?" என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவு என்று சோதனை நிறுவனம் சான்று தந்த பேட்டரி வண்டி, மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு) அப்படிச் சொல்கிறது. சான்றின் நகல் இணைத்துள்ளேன். என்னை விடுங்கள், சைக்கிளில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் இப்படித்தான் கேட்பார்களா?

5. ஜூலை 21 அன்று என் போனுக்கு, "நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். நான்கு பள்ளமும் அப்படியே கிடந்தன. என்ன நடவடிக்கை, ஐயா? யார் வந்து பார்த்தார்கள்? மனுவை மூடினீர்கள், பள்ளத்தை மூடவில்லையே!

6. மூடுங்கள், ஐயா.

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்தருள வேண்டும். புது ரோடு கேட்கவில்லை. நான்கு வெட்டு, ஒரு நாள் வேலை. தங்கள் ஜீப்பும் ரேஷன் கடை முனையில் பிரேக் போட்டுத்தான் திரும்புகிறது, டிரைவரைக் கேளுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தார் போட முடியாது என்று அப்போது சொல்வார்கள். அதற்குள் இந்த நான்கு பள்ளங்களையும் மூடித் தரும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது, பள்ளங்களின் போட்டோ, வண்டிச் சான்று நகல்.

நாள்: 11.08.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)