உரிமம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்குக் கல்லூரிகள் மாறுவதைப் பலரும் கட்டணச் சிக்கனமாக மட்டுமே பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆதாயம் படிப்பில் இருக்கிறது. கட்டண உரிமம் தேவைப்படும் கணக்கீட்டு மென்பொருளான மாட்லாபில் பழகிய மாணவர், கல்லூரி உரிமம் முடிந்ததும் வெறுங்கையோடு நிற்கிறார். அதே வகைக் கட்டற்ற மென்பொருளான ஆக்டேவில் பழகியவர் அதைத் தன் கணினியில் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் மூலநிரலைத் திறந்து, ஒரு கணக்கீடு எப்படி நடக்கிறதென்று வரிவரியாகப் படிக்கலாம், திருத்தியும் பார்க்கலாம். 1991-இல் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸும் பல்கலைக்கழக மாணவர்தானே!

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அலுவலக வேலைக்கு லிப்ரேஆஃபீஸ், புள்ளியியலுக்கு ஆர், வரைபடத் தரவுகளுக்குக் கியூஜிஐஎஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் தொடங்கலாம். மிச்சமாகும் உரிமப் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சியில்லாமல் திணித்தால் வெறுப்புதான் மிஞ்சும். குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கும் பாடத்திட்ட வரிகளைப் பல்கலைக்கழகங்கள் முதலில் நீக்கட்டும்.

– கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்